விக் கடையில் விட்ட பொட்டு

தொலைபேசி அடித்தபோது நான் ஒரு விக்கைக் குளிர்ந்த தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தேன். கடை முதலாளி ஷிஃப்ராதான் எடுத்தாள். "சிவப்பா? வட்டமா?" என்றாள். பிறகு திரும்பி என் நெற்றியைப் பார்த்தாள். நான் ஈரக்கையோடு நெற்றியைத் தடவினேன். பொட்டு இல்லை. என்ன நடந்திருக்கும் என்று அந்தக் கணமே விளங்கிவிட்டது.

அந்தக் கடையைப் பற்றிச் சொல்லவேண்டும். ரொறன்ரோவில் பாத்தர்ஸ்ட் வீதியோடு வடக்கே போனால், லோரன்ஸ் வீதிக்கு அங்கால், சனிக்கிழமைகளில் கார் ஓடாத சின்னத் தெருக்கள் வரும். கறுப்புத் தொப்பி வைத்த ஆண்களும் நீளப் பாவாடை உடுத்த பெண்களும் பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நடந்து போவார்கள். மரபு தவறாத யூதக் குடும்பங்கள். அந்தப் பெண்கள் கல்யாணம் முடித்த நாளிலிருந்து சொந்தத் தலைமயிரை வெளியாருக்குக் காட்டமாட்டார்கள். சிலர் துணியால் மூடுவார்கள், மற்றவர்கள் விக் வைப்பார்கள். சொந்த மயிரைவிட வடிவான மயிரை விலைக்கு வாங்கி, அதை வைத்துச் சொந்த மயிரை மறைக்கிற இந்த நூதனம் எனக்குப் பிடிபடக் கொஞ்சக் காலம் எடுத்தது. ஷிஃப்ராவின் வீட்டுக் கீழ்த்தளம்தான் கடை. வாடிக்கைக்காரிகள் கொண்டுவந்து தருகிற விக்குகளை நான் கழுவி, சுருட்டி, காயவைத்து, வெள்ளை ரெஜிபோம் என்கிற பாரமில்லாத நுரைக்கட்டியில் செய்த தலைகளில் ஏற்றி வைப்பேன். கண்ணும் வாயும் இல்லாத தலைகள். காயவைக்கிற மெஷின்களின் சூட்டில் மாசி மாதத்திலும் அங்கே வியர்க்கும். வியர்த்தால் ஒட்டுப்பொட்டு வழுக்கும். வீட்டில் குளிக்கப் போகும்போது கண்ணாடியில் ஒட்டிவைப்போமே, அதே பழக்கத்தில் கைக்கு எட்டின ரெஜிபோம் தலையின் நெற்றியில் ஒட்டிவிட்டு, வேலை முடிந்ததும் எடுத்து வைத்துக்கொள்வேன். அன்றைக்கு மறந்துபோனேன். அந்தத் தலை விக்கோடு பெட்டிக்குள் போய், ஒரு ரபியின் மனைவி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ரபி என்றால் அவர்களுடைய குரு. அந்த அம்மா முன்மயிரை ஒதுக்கிப் பார்த்தால் கீழே சிவப்பாய் ஒரு பொட்டு.

"அது விக்கிரகத்தின்ட அடையாளம் இல்ல. எங்கட நாகியின்ட கல்யாண அடையாளம். உங்கட தலையில இரிக்கிறதும் அதுதானே" என்று சொல்லி ஷிஃப்ரா தொலைபேசியை வைத்தாள். அவள் பேசியது ஆங்கிலம்தான். என் காதில் அது எங்கள் மட்டக்களப்புத் தமிழாகத்தான் விழும், விழுந்தபடியே எழுதுகிறேன். நாகேஸ்வரி என்ற பெயர் அவள் வாய்க்குள் நுழையாததால் நான் நாகியானேன். தொலைபேசியை வைத்த கையோடு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து ஓய்ந்த பிறகு, இரண்டு வருடமாக ஒன்றாய் வேலை செய்தும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"அப்ப மனிசன் எங்க?"

"தெரியா."

"விட்டுட்டுப் போயிட்டாரா?"

"கொண்டு போயிட்டாங்க."

தொண்ணூறாம் ஆண்டு ஊரை விட்டு ஓடி, ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாக இருந்தோம். ஒருநாள் காலை ஆமிக்காரர் சுற்றிவளைத்தார்கள். ஆம்பிளைகளை வரிசையில் நிற்க வைத்தார்கள். முகத்தை மூடிக்கொண்டு ஆளைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டி ஒருவன் என் மனிசன் சண்முகலிங்கத்துக்கு முன்னால் வந்ததும் தலையை ஆட்டினான். ஏன் ஆட்டினான் என்று இன்றுவரை தெரியாது. லொறியில் ஏறும்போது அவர் என் பக்கம் திரும்பி, "சோத்த மூடி வை, வந்திருவன்" என்றார். கல்லடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. மூடித்தான் வைத்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ முகாம் வாசல்களில் போய் நின்றேன். அப்படி ஒருத்தர் இங்கே இல்லை என்பதைத் தவிர வேறு பதில் ஒருவரும் தரவில்லை. அவருடைய அண்ணன் அருள்நாயகம் முதலே கனடாவுக்கு வந்திருந்தார், அவர்தான் என்னைக் கூப்பிட்டு எடுத்தார். நான் பொட்டோடும் தாலியோடும் வந்து இறங்கி, பார்க்டேலில் ஒரு மாடிக் கட்டடத்தில் ஓர் அறையில் தனியாக இருக்கிறேன். பிள்ளைகள் இல்லை. ஒருத்திக்குச் சமைக்கிற சோறுதான், இருந்தும் பானையை மூடாமல் விட எனக்கு வராது.

நான் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னதையெல்லாம் ஷிஃப்ரா கேட்டாள். "எங்கட சட்டத்தில அப்பிடியானவளுக்கு ஒரு பேர் இரிக்கு. அகுனா. சங்கிலியில கட்டுண்டவள் எண்டு அர்த்தம்" என்றாள். பிறகு, "நானும் அதுதான்" என்றாள்.

அவளுடைய மனிசன் உயிரோடு, நல்ல சுகமாக, மொன்றியலில் இன்னொருத்தியோடு இருக்கிறான். கனடா நீதிமன்றத்தில் விவாகரத்து எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் அவர்களுடைய வேதமான தோராவின்படி அவன் ஒரு விவாகரத்துக் கடதாசி எழுதி, தன் விருப்பத்தோடு அவள் கையில் வைக்கவேண்டும். வைக்கும்வரை அவள் அவனுடைய மனைவி. அவன் வைக்கமாட்டேன் என்கிறான். காரணம் ஒன்றும் இல்லை, வீம்பு. இப்படியான ஆம்பிளைகளை நெருக்கக் கனடாவில் ஒரு சட்டம் பின்னால் வந்ததாம், அதற்கு முதலே இவளுடைய வழக்கு முடிந்துபோனதால் அது இவளுக்கு உதவவில்லை.

"எனக்கு விட்டிருக்கிறது ரெண்டு வாசல். ஒண்டு அந்தக் கடதாசி. மற்றது அவன்ட சாவு. வெள்ளிக்கிழமை பின்னேரம் விளக்குக் கொளுத்தக்குள்ள, அவன் சாகவேணுமெண்டு கேக்காம இரிக்க நான் படுற பாடு" என்று சொல்லிக் கையைத் துடைத்தாள்.

நான் விளக்குக் கொளுத்தும்போது என் மனிசன் செத்திருக்கக்கூடாது என்று கேட்கிறவள். அவளுக்கு நேர்மாறான வரம். ஒரே தொட்டியில் கை நனைக்கிற இரண்டு பேர் கேட்பதைப் பார், கடவுளுக்குத் தலை சுற்றும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நாங்கள் கொஞ்சம் கூடக் கதைத்தோம். ஆனால் அவளுடைய சொந்த விக்கை மட்டும் என் கையில் தரமாட்டாள். நான் போன பிறகு தானே கழுவி, தானே காயவைப்பாள். அவளுடைய சொந்தத் தலைமயிர் என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது.

ஆனி மாதம் அருள்நாயகம் அத்தான் என் அறைக்கு வந்தார். நகரத்துக்கு வெளியே விட்பியில் புது வீடு வாங்கி, தினமும் அவ்வளவு தூரம் கார் ஓடி வேலைக்கு வந்துபோகிற மனிதர், பார்க்டேல் பக்கம் அவர் வருவதே அபூர்வம். இருந்த ஒரே கதிரையில் அவரை இருத்திவிட்டுக் கட்டிலில் இருந்தேன். தேத்தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி கனவில வாறான், நாகேஸ். வாசல்ல நிண்டு தண்ணி கேக்கான். உள்ள வாடா எண்டா வாறான் இல்ல."

சொல்லும்போதே அழுதுவிட்டார். ஐயரிடம் கேட்டாராம். கருமம் செய்யாத ஆத்மா தாகத்தோடு அலையும் என்றாராம். செத்த நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் செய்யலாம், ஆடி அமாவாசை விசேஷம், உடல் இல்லாவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து தகனம் பண்ணலாம் என்றாராம். "நீ வந்து இரிந்தாத்தான் முறை" என்றார். வந்து இருப்பது என்றால் என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியும். தாலியைக் கழற்றிக் கொடுக்கவேண்டும், பொட்டை அழிக்கவேண்டும். அந்த நிமிடத்திலிருந்து சண்முகலிங்கம் செத்தவர்.

சொல்ல வெட்கம்தான், எனக்கு முதலில் வந்தது எரிச்சல். ஆறு வருடமாக என் கனவுக்கு ஒருநாளும் வராத மனிசன், வழி தெரியாத விட்பிக்குப் போய் அண்ணனிடம் தண்ணீர் கேட்டாராம். என் வாசல் எங்கே போனது? அத்தான் போன பிறகு இன்னொரு நினைப்பும் வந்தது. ஒரு முடிவு வரட்டுமே என்கிற மனம் எனக்கும் உண்டு. பனிக்காலத்தில் வேலையால் வந்து, ஒருவரும் இல்லாத அறையில் லைட்டைப் போடும்போது, "செத்துத்தான் போனீங்களெண்டா சொல்லித் துலைங்களேன்" என்று வாய்விட்டே கத்தியிருக்கிறேன். பக்கத்து அறைக்காரி சுவரில் தட்டியிருக்கிறாள். அத்தானிடம் வருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன்.

எங்கள் அமாவாசையை ஒட்டித்தான் ஷிஃப்ராவின் ஆட்களுக்கு மாதம் பிறக்கும். அந்தப் பிறை நாள் பெண்களுக்குரியது. அன்றைக்கு அவர்கள் தைக்கமாட்டார்கள், தோய்க்கமாட்டார்கள். ஆதியில் ஆம்பிளைகள் பொன்னில் கன்றுக்குட்டி செய்து கும்பிட நகை கேட்டபோது, பெண்கள் காதில் கிடந்ததைக் கழற்றித் தரமாட்டோம் என்று சொன்னார்களாம், அதற்குப் பரிசாகக் கடவுள் தந்த லீவு என்று ஷிஃப்ரா சொன்னாள். ஊரில் எங்களிடமும் இயக்கத்துப் பொடியன்கள் போராட்டத்துக்கென்று பவுண் கேட்டு வந்தார்கள். நாங்கள் கழற்றிக் கொடுத்தோம், அதனால்தானோ என்னவோ எங்களுக்கு லீவு கிடைக்கவில்லை.

ஒவ்வொரு பிறைக்கும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கடையில் கூடித் தோரா படிப்பார்கள். ஆனி அமாவாசை முடிந்த மறுநாள் பின்னேரம் கதிரை போட உதவி செய்த என்னை ஷிஃப்ரா போகவிடவில்லை. "இண்டைக்குப் படிக்கிறது எங்கட ரெண்டு பேரின்ட கதை" என்றாள். சுவரோரம் ரெஜிபோம் தலைகள், நடுவில் விக் வைத்த தலைகள், எல்லாவற்றுக்கும் பின்னால் நான். என் பொட்டைக் கண்டு பயந்த ரபியின் மனைவி முன்வரிசையில் இருந்தாள். என்னைப் பார்த்து ஒரு தரம் சிரித்தாள், நல்ல மனுசி.

ஷிஃப்ரா பழைய சட்டத்தை வாசித்து ஆங்கிலத்தில் சொன்னாள். புருசனோடு தூரதேசம் போன ஒருத்தி தனியாகத் திரும்பி வந்து, அவர் செத்துப்போனார் என்று சொல்கிறாள். அவளை நம்பலாமா? புருசனுக்கும் அவளுக்கும் இடையில் சமாதானம் இருந்து, உலகத்திலும் சமாதானம் இருந்தால், நம்பலாம். அவள் சொல் ஒன்றே போதும். இரண்டு பேருக்கும் இடையில் சண்டை என்றால் நம்பக்கூடாது, பொய் சொல்லுவாள். இரண்டு பேரும் சமாதானம், ஆனால் உலகத்தில் யுத்தம் என்றால், அப்போதும் நம்பக்கூடாது.

"அது ஏன்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"யுத்த காலத்தில பொம்பிள மனதுக்குள்ளேயே ஆளச் சாகடிச்சிருவாளாம். இவ்வளவு பேர் செத்தாங்க, இவர் மட்டும் எப்பிடித் தப்பியிரிப்பார் எண்டு நினைச்சு, காணாததக் கண்டதாச் சொல்லுவாளாம்."

ரபியின் மனைவி, அது பெண்களைக் காப்பாற்றத்தான் என்றாள். செத்தார் என்று நினைத்து இன்னொருவனைக் கட்டின பிறகு முதல் புருசன் வந்து வாசலில் நின்றால் அவள் கதி என்ன என்று கேட்டாள். அதிலும் ஞாயம் இருந்தது. பின்னால் வந்த குருமார் இளகினார்களாம். மற்ற வழக்குகளில் பெண்ணின் சாட்சி செல்லாது, ஆனால் ஒருத்தியைச் சங்கிலியிலிருந்து அவிழ்க்க ஒரே ஒரு பெண் வந்து, அவளுடைய மனிசன் செத்ததைக் கண்டேன் என்றால் போதும் என்றார்களாம். ஷிஃப்ராவின் தாய் ஐரோப்பாவில் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பி வந்தவள். யுத்தம் முடிந்ததும் அவள் குருமாருக்கு முன்னால் போய், தான் கண்ணால் கண்ட சாவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, தெரிந்த பெண்களையெல்லாம் அவிழ்த்துவிட்டாளாம்.

"அம்மாவால என்ன மட்டும்தான் அவிழ்க்க ஏலாமப் போயிற்று" என்று ஷிஃப்ரா சிரித்தாள். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு அவள், "இத எழுதினவங்களில ஒருத்தராவது வாசலப் பாத்துக்கொண்டு இரிந்தவரா எண்டு எனக்குத் தெரியவேணும்" என்றாள்.

நான் சப்வேயில் பார்க்டேலுக்குப் போகும் வழியெல்லாம் அதே நினைப்பாக இருந்தேன். எந்தக் காலத்திலோ, எந்தத் தேசத்திலோ இருந்த தாடிக்காரர்கள் என்னைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். எனக்கும் அவருக்கும் இடையில் சமாதானம்தான், உலகத்தில்தான் யுத்தம். எங்கள் ஊரில் ஒருவரும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அழு என்றார்கள், அழாதே என்றார்கள், நீ கண்டாயா என்று மட்டும் கேட்கவில்லை. யாரோ ஒருவர் என் பக்கத்து சீட்டில் வந்து இருந்தது போல அன்றைக்கு இருந்தது, இறங்கும்போது அதுவும் இல்லை.

ஆடி அமாவாசை அன்று ஒரு கல்யாணப் பெண்ணின் விக்கை முடித்துக் கொடுக்கவேண்டி இருந்தது. பிறை பிறந்தால் ஷிஃப்ரா கை வைக்கமாட்டாள் என்பதால் காலையிலேயே வந்து நின்று முடித்தேன். அத்தான் என்னைக் கடையிலேயே வந்து ஏற்றுவதாக ஏற்பாடு. எங்கே போகிறாய் என்று ஷிஃப்ரா கேட்டாள். "மனிசனுக்குச் சடங்கு செய்யப்போறாங்க" என்றேன்.

"நீ என்ன சொல்லப்போறாய்?"

"தெரியா."

வெளியே கார் ஹோர்ன் அடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

காருக்குள் ஏறினதும் அத்தான் என் முகத்தைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. தம்பியை நினைக்கிறார் என்று நான் பேசாமல் இருந்தேன். விட்பியில் எல்லா வீடும் ஒரே மாதிரி, மரங்கள் எல்லாம் நட்ட புதிது, குச்சி குச்சியாக நின்றன. அத்தானின் மனைவி பாலேஸ்வரி அக்கா யாழ்ப்பாணத்துக்காரி. கதவைத் திறந்து என்னைப் பார்த்தவ, அப்படியே கட்டிப்பிடித்துக் குழறினா.

"ஒருத்தரும் சொல்ல முதலே நீங்களாவே அழிச்சுப்போட்டு வந்திட்டீங்களே, பிள்ளை! உந்த நெத்தியை நான் எப்பிடிப் பாக்கிறது!"

அவவின் தோளுக்கு மேலால் சுவர்க் கண்ணாடி தெரிந்தது. அதில் என் நெற்றி வெறுமையாக இருந்தது. பொட்டு கடையில், ஏதோ ஒரு ரெஜிபோம் தலையில். நான் வாயைத் திறக்க முதலே காரியங்கள் நடந்துவிட்டன. ஹோலுக்குள் இருந்த பெண்கள் எழும்பி எனக்கு வழி விட்டார்கள். சாமி அறைக்கு முன்னால் இருந்த குங்குமச் செப்பை ஒருத்தி மெதுவாக எடுத்து உள்ளே வைத்தாள். மடித்த வெள்ளைச் சேலை ஒன்று என் கைக்கு வந்தது. நான் மறந்து விட்டது ஒரு ஒட்டுப்பொட்டு, அதற்குள் நான் விதவையாகிவிட்டேன்.

இதையே விதி என்று எடுத்தால் என்ன என்றும் ஒரு நினைப்பு ஓடியது. மறந்தது நான் இல்லை, கடவுளே எடுத்துவிட்டார் என்று இருந்துவிடலாம். ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை. இந்தப் பெண்களுக்கு நடுவில் இருந்து அழலாம். இவ்வளவு பேர் என்னைத் தொட்டு எவ்வளவு காலம்! பாலேஸ் அக்கா என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தா. அந்தக் கை சூடாக இருந்தது, அதை விட்டு எழும்ப எனக்கு மனம் வரவில்லை.

சடங்கு கராஜில். காரை வெளியே விட்டுவிட்டு, கதவை உயர்த்தி, தரையில் செங்கல் அடுக்கி ஐயர் அக்கினி வளர்த்திருந்தார். பலகையில் தர்ப்பையால் கட்டின உருவம். ஒரு முழம்கூட இல்லை. சண்முகலிங்கம் நல்ல உயரம்.

"எப்ப நடந்தது?" என்று ஐயர் கேட்டார்.

"தெரியாது ஐயா" என்றார் அத்தான்.

"கண்டவை ஆரும் இருக்கினமோ?"

"ஒருத்தரும் இல்ல. பொஞ்சாதி இரிக்கா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஐயர் பித்தளைத் தட்டை என் பக்கம் நீட்டினார். "கழட்டி வையுங்கோ அம்மா. அதுதான் நீங்கள் அவருக்குச் சொல்லுற விடை" என்றார். அன்பாகத்தான் சொன்னார். என் கை கழுத்துக்குப் போனது உண்மை. தாலிக்கொடியைப் பிடித்தும்விட்டேன். அப்போது அந்தக் கீழ்த்தளமும் ஷிஃப்ராவின் குரலும் நினைவுக்கு வந்தன. உலகத்தில் யுத்தம். இவள் காணாததைக் கண்டதாகச் சொல்லுவாள், நம்பவேண்டாம்.

"பொட்ட நானா அழிக்கல்ல, அக்கா. கடையில மறந்து விட்டுட்டு வந்திட்டன்" என்றேன்.

பாலேஸ் அக்கா கையை என் முதுகிலிருந்து எடுத்தா.

"அவர் செத்தத நான் காணல்ல. காணாததச் சொல்ல எனக்கு ஏலா."

"ஆறு வருசம், நாகேஸ்!" அத்தான் எழும்பிவிட்டார். "ஆறு வருசம் அவன் ஒரு சொல்லுச் சொல்லாம எங்க இரிப்பான்? தண்ணி கேக்கான், விளங்குதா? தண்ணி கேக்கான்!"

"கேட்டாக் குடுங்க அத்தான். செத்தவனுக்கு மட்டுமா தண்ணி விடாய்க்கும்?"

தெருவில் ஒரு பிள்ளை சைக்கிள் ஓடியபடி எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அத்தான் முகத்தைத் துண்டால் துடைத்தார். "நீ அவன்ட பொஞ்சாதி. உன்ன நான் கட்டாயப்படுத்தல்ல. ஆனா நான் அவனத் தூக்கி வளத்தவன். எனக்கும் செய்யிறதுக்கு இரிக்கு" என்று சொல்லிவிட்டு ஐயருக்கு முன்னால் போய் இருந்தார். அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

வெள்ளைச் சேலையைக் கதிரையில் வைத்துவிட்டு வெளியே வந்து புல்லில் நின்றேன். அத்தான் தர்ப்பைக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தார். பிறகு நெருப்பில் வைத்தார். காய்ந்த புல், கண்மூடித் திறக்க முதல் எரிந்துவிட்டது. உள்ளே பெண்கள் குழறினார்கள். எனக்கும் அழுகை வந்தது. என் மனிசனுடைய செத்தவீட்டில், கூப்பிடாத ஆளைப் போல வாசலில் நின்று அழுதேன். விட்பியில் அவர் அன்றைக்குச் செத்துவிட்டார். மற்ற இடங்களில் என்ன என்று எனக்குத் தெரியாது.

என்னைக் கொண்டுவந்து விட ஒருவரும் எழும்பவில்லை, நானும் கேட்கவில்லை. நிழல் இல்லாத நீளத் தெருவில் நடந்து, ‘கோ’ என்கிற வெளியூர் பஸ் பிடித்து, சப்வே மாறினேன். அறைக்குத்தான் போயிருக்கவேண்டும். அங்கே ஒரு மட்டை நிறைய ஒட்டுப்பொட்டு இருக்கிறது. ஆனால் கால் லோரன்ஸில் இறங்கியது.

கடையில் வெளிச்சம் இருந்தது. பிறைக் கூட்டம் நடக்கும் என்று நினைத்துத் தயங்கினேன். கதிரைகள் மடித்தபடி சுவரில் சாய்ந்து நின்றன. ஷிஃப்ரா தொட்டிப் பக்கத்து ஸ்டூலில் தனியாக இருந்தாள். பெண்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

"மொன்றியலில இரிந்து கோல் எடுத்தாங்க" என்றாள். "ஞாயிற்றுக்கிழமை கடதாசி தாறானாம். போன தரமும் இப்பிடித்தான் சொன்னவன். ரபிமாரும் நானும் பொழுதுபடும் வரைக்கும் கதவப் பாத்துக்கொண்டிரிந்தம்."

"போகப் போறியா?"

"போகாம? நாளைக்கு ரெயில் ஏறினாத்தான் சனிக்கிழமை ஓய்வு நாளுக்கு முதல் தங்கச்சி வீட்ட போய்ச்சேரலாம்." பிறகு இரண்டு கையையும் தன் தலைக்குக் கொண்டுபோனாள். "இதக் கழுவோணும். பிறை பிறந்திற்று, நான் இண்டைக்கு வேலை செய்யக்கூடா. நீ கழுவித் தருவியா?"

விக்கை எடுத்து என் கையில் தந்தாள். உள்பக்கம் இன்னும் அவளுடைய சூடு இருந்தது. அவளுடைய சொந்த மயிர் நரைத்துப்போய், ஒட்ட வெட்டி, தலையோடு படிந்து கிடந்தது. காதோரம் நாடா அழுத்தின தடம். நான் பார்க்காதது போல் தண்ணீரைத் திறந்தேன். அவளும் என் நெற்றியைப் பார்த்தாள். நுரை போட்டு, வேரிலிருந்து நுனிக்கு, ஒரே பக்கமாக அலசினேன். இவ்வளவு கவனமாக ஒரு விக்கையும் நான் கழுவினதில்லை.

"அங்க என்ன சொன்னாய்?" என்று கேட்டாள்.

"காணல்ல எண்டு சொன்னன்."

"பிறகு?"

"அண்ணன்காரன் செய்தார். நான் வெளியில நிண்டன்."

அவள் தலையை அசைத்தாள். பிறகு, கடதாசியை எப்படி வாங்கவேண்டும் என்று எனக்குக் காட்டினாள். மோதிரம் இல்லாத இரண்டு கையையும் சேர்த்து, கிண்ணமாக ஏந்தி, அசையாமல் வைத்திருக்கவேண்டுமாம். அவன் அதில் போடுவானாம். கோயிலில் தீர்த்தம் வாங்க நாங்கள் கை நீட்டுகிற மாதிரித்தான் இருந்தது. காட்டி முடித்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை, மடியில் அப்படியே விரித்து வைத்திருந்தாள்.

ஈரத்தைத் துவாயால் ஒற்றிவிட்டு, ஏற்றி வைக்க ஒரு தலையைத் தேடினேன். காலையில் நான் வேலை செய்த இடத்தில் ஒன்று நின்றது. அதன் நெற்றியில் என் பொட்டு. ஷிஃப்ராவும் கண்டாள்.

"உன்ட அடையாளம் அதில இரிக்கு" என்றாள்.

"ஓம். காலையில விட்டுட்டுப் போயிட்டன்."

எடு என்று அவள் சொல்லவில்லை. நானும் எடுக்கவில்லை. அவளுடைய விக்கை அதே தலையில் ஏற்றி, ஊசி குத்தி, முன்மயிரை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டேன். சூட்டு மெஷின் கூடாது, நல்ல மயிர், காற்றில்தான் காயவேண்டும். மேசை விசிறியைப் போட்டுவிட்டு அவளுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை விரித்து இருந்தேன். விசிறி திரும்பும் பக்கமெல்லாம் ஈர மயிர் மெல்ல எழும்பி விழுந்தது. அதற்குக் கீழே பொட்டு வந்து வந்து தெரிந்தது, ஒரு ஓரம் கொஞ்சம் கிளம்பியிருந்தது. நான் எழும்பிப் போய் விரலால் அழுத்திப் பார்த்தேன். இன்னும் ஒட்டியது.